மீதிப் பாதி

மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே மூன்று கிலோமீட்டர் போனால், பெரும் பாறைகள் பிளந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இடம் வரும். அதுதான் அலுவிகாரை. தம்புள்ளைக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் இடையில் அரைமணி நேரம் இறங்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள். குகைகளில் சாய்ந்த நிலைப் புத்தரையும் நரகத்துத் தண்டனைகளையும் பார்த்து முடித்தவர்களுக்கு ஓலையில் எழுதிக் காட்டும் வழக்கமும் அங்கே உண்டு.

தாளிப்பனையின் இளம் ஓலையை நரம்பு நீக்கி, அவித்து, உலர்த்தி, மழமழவென்று தேய்த்து எடுத்த நறுக்கு அது. எழுதுகிறவர் அதை இடக்கையில் பிடித்துக்கொண்டு எழுத்தாணியை ஓட்டுவார். எட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வெளிர்மஞ்சள் ஓலையில் நகம் பட்டதுபோல ஒரு கீறல், அவ்வளவுதான். எழுதி முடித்ததும் கரி கலந்த எண்ணெயைத் துணியில் தோய்த்து ஓலை முழுக்கப் பூசுவார். ஓலை கறுத்து, பாழாய்ப்போனது போலிருக்கும். பிறகு துடைப்பார். மேலே இருந்த கறுப்பெல்லாம் போய், கீறலுக்குள் இறங்கிய கறுப்பு மட்டும் நிற்கும். எழுத்து அப்போதுதான் பிறந்ததுபோல் எழுந்து வரும்.

பௌத்த உலகம் இந்தப் பாறையை மறக்காததற்குக் காரணம் இந்தக் கீறல்தான். கி.மு. 1ஆம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்ற வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாக மட்டுமே வந்த பௌத்த மறைநூலான திரிபிடகமும் அதன் உரைகளும் முதன்முதலாக ஏட்டில் ஏறின. மகாவம்சம் நிகழ்ச்சியைச் சொல்கிறது, இடத்தைச் சொல்லவில்லை. அலுவிகாரையைக் காட்டுவது பின்வந்த நூல்களும் மரபும்.

எழுத்து அந்த நூற்றாண்டில் புதிதாக வந்து சேரவில்லை. அதற்கு முன்பே இலங்கைக் குகைகளின் நெற்றியில் பிராமியில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். எழுதத் தெரிந்தவர்கள் வேதவாக்காக மதித்த நூலை மட்டும் எழுதாமல் வைத்திருந்தார்கள் என்றால், அது இயலாமை அல்ல, ஒரு கொள்கை. பாடம் ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போகவேண்டும் என்ற கொள்கை. இன்ன பகுதிக்கு இன்னார் என்று ஓதுவோர் கூட்டங்கள் இருந்தன. பாணகர் என்பது அவர்கள் பெயர். புத்தரின் நீண்ட பேருரைகளுக்கு ஒரு கூட்டம், நடுத்தரப் பேருரைகளுக்கு வேறொரு கூட்டம். கிரேக்கத்திலும் இந்தக் கவலை இருந்தது. எழுத்து வந்தால் மறதியும் கூட வரும் என்று எகிப்திய மன்னன் ஒருவன் மறுத்த கதையைப் பிளேட்டோ எழுதிவைத்திருக்கிறார். அதையும் எழுதித்தான் வைத்தார் என்பது வேறு விஷயம்.

கொள்கையை உடைத்தது பசி.

வலகம்பா பட்டத்துக்கு வந்த சில மாதங்களிலேயே தீசன் என்ற பிராமணன் கலகம் செய்தான். அதே வேளையில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர் படை அனுராதபுரத்தைப் பிடித்தது. புலஹத்தன் தொடங்கி தாதிகன் வரை ஐந்து தமிழ் அரசர்கள், ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்த்துக்கொண்டு 14 ஆண்டுகள் ஆண்டார்கள். அந்தக் கலவரத்தோடு கொடும்பஞ்சமும் வந்தது. பன்னிரண்டு ஆண்டு என்கின்றன உரைநூல்கள். பிக்குகள் பலர் கடல் கடந்து இந்தியா போனார்கள். அறுபது பேர் மட்டும் போகாமல் மலையத்துக்குள், அதாவது இந்த மலைநாட்டுப் பக்கம் ஒதுங்கி, கிழங்கும் இலையும் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி உரைநூல் சொல்லும் ஒரு காட்சி மறக்கக் கூடியதல்ல. உடம்பில் தெம்பு இருந்தபோது உட்கார்ந்து ஓதினார்களாம். உட்காரவும் முடியாமல் போனபோது மணலைக் குவித்து, அதைச் சுற்றிப் படுத்து, தலைகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு பாடத்தை ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்தார்களாம்.

பஞ்சம் தெளிந்தது. இந்தியாவிலிருந்து எழுநூறு பேர் திரும்பி வந்தார்கள். கல்லகாமம் என்ற ஊரின் மண்டலாராமத்தில் அறுபது பேரும் எழுநூறு பேரும் கூடி, தங்கள் பாடத்தை ஒப்பிட்டார்கள். ஓர் எழுத்தும் மாறவில்லை என்கிறது மரபு. எழுத்தே இல்லாத பாடத்தில் ஓர் எழுத்து மாறவில்லை என்று சொல்வதில் கொஞ்சம் பெருமிதம் கலந்திருக்கலாம்.

ஒப்பிட்டு முடித்ததும் அந்தக் கூட்டத்தில் ஒரு கேள்வி கிளம்பியது. பௌத்த சாசனத்துக்கு வேர் எது, கற்பதா, ஒழுகுவதா? கந்தலுடுத்தித் தவநெறியில் நின்றவர்கள் ஒழுக்கமே வேர் என்றார்கள். அறத்தை ஓதி உரைப்பவர்கள் கல்வியே வேர் என்றார்கள். முன்பென்றால் இப்படி ஒரு வழக்கே எழுந்திருக்காது. படித்துவிட்டு அதன்படி நடக்காதவன் ஊரார் மாட்டை எண்ணிக் கணக்கு வைக்கும் இடையன் போன்றவன் என்பது பழைய தம்மபதப் பார்வை. பசி பார்வையை மாற்றிவிட்டது. ஒழுக்கமுள்ள ஒருவர் செத்தால் ஒருவர்தான் போகிறார். பாடம் தெரிந்த கடைசி ஆள் செத்தால் பாடமே போகிறது.

உரைப்போர் கட்சி வென்றது. வென்றது தர்க்கத்தால் என்பதைவிட உவமையால் என்பதே சரி. ஆயிரம் காளைகள் இருந்தாலும் ஒரு பசு இல்லாவிட்டால் கன்று இல்லை. அதுபோல ஆயிரம் பேர் தியானத்தில் அமர்ந்தாலும் பாடம் இல்லாவிட்டால் மார்க்கம் இல்லை என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: புதையல் இருக்கும் இடத்தைப் பாறையில் பொறித்து வைத்தால், எழுத்து அழியாதவரை புதையல் தொலையாது. காமன் எரிந்தானா எரியவில்லையா என்று விடிய விடியக் கட்சி கட்டிப் பாடும் லாவணியைக் கேட்டவர்களுக்கு இந்த வாதத்தின் ருசி உடனே பிடிபடும்.

அலுவிகாரையில் ஓலை கீறியவர்கள் இந்த மனநிலையின் பிள்ளைகள். அதன் விளைவை வல்பொல ராகுல தேரர் 1956இல் வெளிவந்த இலங்கைப் பௌத்த வரலாற்று நூலில் கூச்சமில்லாமல் எடுத்துக்காட்டினார். பிக்குகளுக்கு நூல் சுமப்பது ஒரு தொழில், தியானம் வேறொரு தொழில் என்று பிரிந்தது. கெட்டிக்காரர்கள் நூல் பக்கம் போனார்கள், முதியவர்களும் உடல் தளர்ந்தவர்களும் தியானத்துக்கு ஒதுக்கப்பட்டார்கள். படிப்பு வேறு, நடப்பு வேறு என்று இன்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொள்ளும் சலிப்புக்கு அத்தனை பழைய முன்கதை உண்டு.

ஆனால் புதையல் உவமையில் ஒரு பொத்தல் இருக்கிறது. பாறையில் எழுத்து அழியாமல் இருக்கிறது, சரி. வாசிக்க ஆள்?

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டி இராச்சியத்தில் இதுவே நடந்தது. விகாரைகளில் ஏடுகள் இருந்தன. உபசம்பதை என்ற முழுத் துறவு பெற்ற பிக்கு ஒருவரும் இல்லை. பாளி இலக்கணம் தெரிந்தவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. 1698இல் பிறந்த வெலிவிட்ட சரணங்கரர் பாளி படிக்க ஆசைப்பட்டு அலைந்து, கடைசியில் லெவ்கே என்ற இல்லறத்துப் பிரபுவிடம்தான் இலக்கணத்தின் அரிச்சுவடியைக் கற்க முடிந்தது. துறவிகளின் நூலைத் துறவிக்குக் குடும்பஸ்தர் சொல்லிக்கொடுத்தார். 1753இல் சியாமிலிருந்து உபாலி தேரர் குழுவினரை வரவழைத்த பிறகுதான் உபசம்பதை மறுபடி தொடங்கியது. அதை நடத்தி வைத்த மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் குலத்துச் சைவப் பிள்ளை. ஓலை தன்னைத் தானே வாசித்துக்கொள்ளாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இன்னொரு சாட்சி 1848. மாத்தளைக் கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலப் படை அலுவிகாரையின் நூலகத்தை அழித்தது. திரிபிடகம் அதோடு தொலையவில்லை. நூற்றுக்கணக்கான ஊர்களில் அதைப் படியெடுத்தவர்களும் அங்கெல்லாம் அதை ஓதியவர்களும் இருந்தார்கள்.

அந்தப் பழைய பஞ்சகாலத்திலேயே இந்தச் சங்கடத்தின் கூர்முனை ஒரு கதையாக வந்துவிட்டது. மகாநித்தேசம் என்ற நூல் ஒரே ஒரு பிக்குவுக்குத்தான் தெரியும் என்ற நிலை. அவரோ ஒழுக்கம் கெட்டவர். மகாரக்கிதர் என்ற நல்லவரிடம் மூத்தவர்கள் போய், அவரிடம் பாடம் கேளும் என்றார்கள். மாட்டேன் என்றார் மகாரக்கிதர். அந்த ஆள் செத்தால் நூல் போய்விடுமே என்று மீண்டும் மீண்டும் வற்புறுத்தியதால், அரை மனத்தோடு போய் இரவும் பகலுமாகப் பாடம் கேட்டார். கடைசி நாள், பாடம் முடிந்த வேளையில், கட்டிலுக்கடியில் ஒரு பெண் ஒளிந்திருந்ததைப் பார்த்தார். முன்பே தெரிந்திருந்தால் படித்திருக்க மாட்டேன் என்று வருந்தினாராம். அவரிடமிருந்துதான் பிறகு பல தேரர்கள் மகாநித்தேசத்தைக் கற்றார்கள்.

இந்தக் கதையை மறைக்காமல் எழுதி வைத்த உரையாசிரியர்களைப் பாராட்ட வேண்டும். குரு நல்லவராக இருக்கவேண்டுமா என்ற கேள்விக்கு அவர்கள் சுலபமான பதில் சொல்லவில்லை. பாடம் காப்பாற்றப்பட்டது, கேட்டவருக்கு அருவருப்பும் மிஞ்சியது. இரண்டையும் எழுதினார்கள்.

தமிழில் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியவர் பவணந்தி முனிவர். சமணர். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதியபோது, இலக்கணத்துக்குள் நுழையுமுன் பாயிரத்தில் ஆசிரியரையும் மாணாக்கரையும் வரிசைகட்டி நிறுத்தினார். நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்று அவர் தரும் உவமைகள் பேச்சுப் போட்டிகளில் அடிபட்டுத் தேய்ந்துவிட்டன. ஆசிரியராகத் தகாதவருக்குச் சொன்ன உவமைகள்தான் இன்னும் கூராக இருக்கின்றன. கழற்சிக்காய் நிரப்பிய குடம்: போட்ட வரிசையில் வெளியே வராது, கவிழ்த்தால் கண்டபடி கொட்டும். மடல் சூழ்ந்த பனை: யாரையும் ஏறவிடாது, தானாக விழுந்தால்தான் பழம். பருத்தி அடைத்த குடுக்கை: திணிப்பதும் கஷ்டம், பிடுங்குவதும் கஷ்டம். வளைந்த தென்னை: தண்ணீர் ஊற்றியவன் ஒருத்தன், தேங்காய் விழுவது அடுத்த வளவில்.

அதைவிட முக்கியமானது அவர் போட்ட ஒரு கணக்கு. ஆசிரியர் சொன்னதை மாணவன் ஒன்றுவிடாமல் வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது கால்வாசிதான். உடன் படிப்பவர்களோடு பழகிப் பயின்றால் இன்னொரு கால். மீதிப் பாதி, தான் பிறருக்குச் சரியாக எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். கற்பித்தலின் நோக்கம் என்ன என்று தத்துவவாதிகள் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடத்தில் பவணந்தியார் பின்னக் கணக்குப் போட்டுவிட்டார். அவர் கணக்கில் கற்பித்தல் என்பது கற்று முடித்தவர் செய்யும் தருமம் அல்ல. கற்பதன் பெரிய பங்கே அதுதான். கல்லகாமத்து வழக்கை அவரிடம் கொண்டுபோயிருந்தால், கற்பதா ஒழுகுவதா என்ற கேள்வியையே திருத்தச் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது. மணலைச் சுற்றித் தலைசேர்த்துப் படுத்திருந்த அறுபது பேர் இரண்டாவது காலில் இருந்தார்கள். மகாரக்கிதர் வாங்கிய கால் அருவருப்பான இடத்திலிருந்து வந்தது. தேரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது கிடைத்த பாதி அவருடையது.

அலுவிகாரைப் பாறையைக் கடந்து போகும் அதே பாதையில் 19ஆம் நூற்றாண்டில் வேறொரு கூட்டம் நடந்து வந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காடும் காய்ச்சலும் தாண்டி, தம்புள்ளை வழியாக மாத்தளையைப் பார்க்க வந்த தமிழ்நாட்டுக் கூலிகள். வழியில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்களைக் கங்காணிமார் கோப்பித் தோட்டங்களுக்குப் பிரித்துக்கொண்டு போனார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் அந்த நடையின் நினைவோடு பிணைந்த தெய்வம். வந்தவர்களில் எழுத்தறிந்தவர்கள் சொற்பம். ஆனாலும் வெறுங்கையோடு வரவில்லை. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அவர்கள் நெஞ்சில் இருந்தன. மாசியில் காமன் கம்பம் நட்டால், ஆட்டத்தைப் பழக்கும் வாத்தியார் ரதி வேஷக்காரனுக்கும் மதன் வேஷக்காரனுக்கும் வரிவரியாகச் சொல்லிக்கொடுப்பார். பகலில் கவ்வாத்துக் கத்தியோடு மலை ஏறும் ஆள், இரவில் வாத்தியார். பாணகர் கூட்டத்துக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, இவரைப் பற்றி உரைநூல் எழுத ஆள் இல்லை என்பதைத் தவிர.

தோட்டத்தை நடத்திய துரைமாருக்கு இது பள்ளிக்கூடமாகத் தெரியவில்லை. 1907இல் வந்த கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்தில் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் பாடம் சொல்ல ஏற்பாடு செய்யும் கடமையைத் துரையின் தலையில் வைத்தது. பத்து வயதுக்கு மேல் என்ன என்று சட்டம் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. பத்து வயதில் பிள்ளை பெயர் பதிந்து மலைக்குப் போகலாம். நடைமுறையில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக் காம்பரா ஒன்றோ, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் ஒரு மூலையோ பாடசாலையானது. ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும். கல்வியின் நோக்கம் என்ன என்று அந்தக் காலத்து நிர்வாகத்தைக் கேட்டிருந்தால் தயங்காமல் சொல்லியிருக்கும்: தொழிலாளியின் பிள்ளை தொழிலாளியாக இருக்கத் தேவையான அளவு. இவ்வளவு தெளிவான கல்வித் தத்துவம் பிளேட்டோவிடம்கூட இல்லை.

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. நாடே கொண்டாடிய அந்தத் திட்டத்துக்குப் பணம் தேடித்தந்த ஏற்றுமதிகளில் தேயிலையே முதல் வரிசை. தேயிலை பறித்தவர்களின் பிள்ளைகள் படித்த தோட்டப் பாடசாலைகளோ பெரும்பாலும் நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டன. அரசு அவற்றைப் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். இடையில் 1948இன் குடியுரிமைச் சட்டம் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. பவணந்தியாரின் வளைந்த தென்னைக்கு இதைவிடப் பொருத்தமான வளவு கிடைக்காது.

இன்று மாத்தளையின் மிளகு, கொக்கோ, ரப்பர் தோட்டங்களில் ஒரு தாயிடம் பிள்ளையை ஏன் படிக்க வைக்கிறாய் என்று கேட்டால், பதில் 1907க்கு நேர் எதிராக வரும்: தோட்டத்தை விட்டு வெளியே போகத்தான். நியாயமான பதில். ஆனால் இரண்டு பதிலுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. அங்கே படிப்பு ஆளைக் கட்டிப்போடும் கயிறு, இங்கே ஆளை இழுத்துக் கரைசேர்க்கும் கயிறு. இரண்டிலும் கயிற்றின் நீளம்தான் பேச்சு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு முடிச்சிலும் கழற்குடம் ஒருமுறை கவிழ்கிறது. பரீட்சை முடிந்த மறுநாள் கொப்பிகள் பழைய பேப்பர்காரருக்குப் போகின்றன.

இதில் கணக்கு மாறும் இடம் ஒன்று இருக்கிறது. மலையகத்தில் லயத்திலிருந்து படித்து மேலே வந்தவர்களில் கணிசமானோர் போய்ச் சேர்ந்த உத்தியோகம் ஆசிரியத் தொழில்தான். வேறு கதவு திறக்காததும் காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. வெளியே போகப் படித்தவர், காலையில் பஸ் பிடித்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அதே போன்ற ஒரு தோட்டத்துக்கு மேடேறி நடக்கிறார். கட்டாயத்தால் வந்தாரோ விருப்பத்தால் வந்தாரோ, பின்னக் கணக்கைத் தன் வகுப்பில் நாலாவது முறையாக விளக்கும்போது, அரைக்கும் காலுக்கும் உள்ள உறவு தனக்கே இப்போதுதான் சரியாகப் பிடிபடுகிறது என்று அவருக்குத் தோன்றினால், பவணந்தியார் சொன்ன பாதி அவர் கைக்கு வந்துவிட்டது.

விஜயதசமி நாளில் இதையெல்லாம் யாரும் பேசுவதில்லை. மலையகக் கோயில்களில் ஏடு தொடக்குவதற்காகக் காலையிலேயே பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். டியூஷனுக்கு அனுப்பும்போது போன வருஷம் எத்தனை பேர் பாஸ் என்று மட்டுமே விசாரிக்கும் அதே தகப்பன், இந்த ஒரு நாளுக்கு வேறு விசாரணை செய்வார். யார் கையால் தொடங்குவது? ஐயரா, பழைய பெரிய வாத்தியாரா? அவர் குடிப்பதில்லையே? நல்ல மனுஷனா? எழுதப்போவது ஒரே ஓர் எழுத்து. அதை எவரும் சொல்லிக்கொடுக்கலாம். இருந்தும் ஆளைத் தேடுகிறார்கள். மகாரக்கிதருக்கு வாய்க்காத சலுகை அது.

தாம்பாளத்தில் அரிசி பரப்பியிருக்கும். பெரியவர் பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடிப்பார். விரல் முரண்டு பிடிக்கும். பிள்ளையின் கண் பக்கத்துத் தட்டுப் பொங்கல் மேல் இருக்கும். அரிசிக்குள் 'அ' சுழன்று, வளைந்து, கீழே இறங்கி நிற்கும். பிள்ளை தாயின் மடிக்கு ஓடியதும் பெரியவர் உள்ளங்கையால் அரிசியைத் தடவி மட்டமாக்கிவிட்டு, அடுத்தது யார் என்று நிமிர்ந்து பார்ப்பார்.